செவ்வாய்க்கிழமை மாலை யாருடையது?

இங்கிலாந்துக் கால்பந்தின் சொற்களஞ்சியத்தில் எனக்கு அறவே பிடிக்காத சொல் ‘நான்-லீக்’ என்பது. லீக் அல்லாதது என்று பொருள். உச்சியில் பிரீமியர் லீக், அதற்குக் கீழே மூன்று பிரிவுகள், ஆக மொத்தம் 92 கழகங்கள். இந்தத் தொண்ணூற்றிரண்டுக்கு வெளியே, ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை பரவிக் கிடக்கும் அத்தனை கழகங்களும் ‘அல்லாதவை’ என்ற ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டுவிடுகின்றன. இத்தனைக்கும் அவை எல்லாமே ஏதோ ஒரு லீக்கில்தான் ஆடுகின்றன. லண்டனையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த கழகங்கள் ஆடும் இஸ்த்மியன் லீக் 1905இல் தொடங்கப்பட்டது. பிரீமியர் லீக்குக்கு அப்போது பாட்டனே பிறந்திருக்கவில்லை. அது 1992இல் வந்தது. நூறாண்டைக் கடந்த ஒன்றை, நேற்று வந்த ஒன்றின் இல்லாமையைக் கொண்டு பெயரிட்டு அழைக்கிறோம். பெயர் வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் மற்ற உரிமைகளும் போய்ச்சேரும் என்பதற்கு இது ஒரு சிறு உதாரணம். அப்படிப் போய்ச்சேர்ந்த உரிமைகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசவேண்டியிருக்கிறது. அது வார நடுவில் வரும் ஒரு மாலைப்பொழுது.

முதலில் அந்த மாலை எதனால் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து ஏழாவது படியில் உள்ள பிரிவுகளில் இருபத்திரண்டு அணிகள் இருந்தால் ஓர் அணி ஒரு பருவத்தில் 42 லீக் ஆட்டங்கள் ஆடவேண்டும். இவை தவிரக் கோப்பைப் போட்டிகள். மழையில் ஊறியும் பனியில் உறைந்தும் தள்ளிப்போன ஆட்டங்கள் வேறு. சனிக்கிழமைகள் மட்டும் இதற்குப் போதா. ஆகவே செவ்வாய் மாலை, பெரும்பாலும் ஏழே முக்கால் மணி. ஆடவருகிறவர்களில் பலருக்குப் பகல் வேலை உண்டு. மின்பணி செய்கிறவரும், பள்ளியில் பாடம் நடத்துகிறவரும், பொதி வண்டி ஓட்டுகிறவரும் வேலை முடித்த கையோடு, சில சமயம் நூறு மைல் பயணம் செய்து வந்து காலணி மாட்டுகிறார்கள். நள்ளிரவில் வீடு திரும்பி, காலையில் மறுபடி வேலைக்குப் போகிறார்கள்.

பார்க்க வருகிறவர்களின் கதையும் ஏறக்குறைய அதுவேதான். தென்லண்டனில் வசித்த ஆண்டுகளில் இத்தகைய மாலைகள் பலவற்றை நான் அறிவேன். சுழல்கதவருகே பணம் வாங்குகிறவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் அல்லர், தன்னார்வலர். தேநீர் ஊற்றுகிற பெண்மணியும் அவ்வாறே. சில நூறு பேர் வந்திருப்பார்கள்; சில மாலைகளில் நூறுகூடத் தேறாது. இருக்கை எண் கிடையாது. கம்பித் தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றால், எல்லைக்கோட்டு நடுவரின் மூச்சிரைப்பு காதில் விழும். கோல்காப்பாளர் தன் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவது சொல் பிசகாமல் கேட்கும். இரு அணிகளின் ஆதரவாளர்களையும் பிரித்துவைக்க வேலி இருக்காது. முதல் பாதி முடிந்ததும் கூட்டம் மெல்ல நடந்து மைதானத்தின் மறுமுனைக்குப் போகும். இரண்டாம் பாதியில் தம் அணி எந்தக் கோலைத் தாக்குமோ அதற்குப் பின்னால் நிற்பதற்காக. பெரிய அரங்குகளில் ஆடுகளம் கண்ணில்படும் இடத்தில் மது அருந்துவதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கீழ்ப்படிகளில் அந்தத் தடையின்றி, கையில் பியர்க் கோப்பையோடு, காலடியில் நாய் படுத்திருக்க, மக்கள் ஆட்டம் பார்க்கிறார்கள். வளர்ந்த மனிதர்களாக நடத்தப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மாலை இப்போது சிறுகச் சிறுகப் பறிக்கப்பட்டு வருகிறது. பறிக்கிறவர்கள் அதைப் பறிப்பு என்று சொல்வதில்லை. ‘ஆட்ட அட்டவணைச் சீரமைப்பு’ என்கிறார்கள்.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். மின்னொளியில் கால்பந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஐரோப்பியப் பெருங்கழகங்களின் இரவுகள்தான். ஆனால் 1871இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பையின் வரலாற்றில் மின்னொளியின்கீழ் நடந்த முதல் ஆட்டம் எது தெரியுமா? 1955 செப்டம்பர் 14, புதன்கிழமை, கிட்டர்மின்ஸ்டர் ஹாரியர்ஸும் பிரையர்லி ஹில் அலையன்ஸும் மோதிய தொடக்கச் சுற்று மறு ஆட்டம். இரண்டுமே லீக் ‘அல்லாத’ கழகங்கள். பெரியவர்களின் லீக்கில் மின்னொளியில் ஆட்டம் நடக்க 1956 பிப்ரவரி வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதாவது, விளக்கு வெளிச்சத்தில் வார நடுவில் கோப்பை ஆட்டம் பார்க்கும் பழக்கத்தையே முதலில் கொண்டுவந்தவர்கள் சிறிய கழகத்தார். அந்தப் பழக்கம் தொடங்கியதே ஒரு மறு ஆட்டத்தில்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கால்பந்தில் ஆர்வமில்லாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கோப்பை ஆட்டம் சமனில் முடிந்தால், முதல் ஆட்டத்தில் விருந்தாளியாகப் போன அணியின் சொந்த மைதானத்தில் இன்னொரு முறை ஆடுவது பழைய முறை. பெரும்பாலும் அடுத்த செவ்வாயோ புதனோ. எளியவன் வலியவனின் வீட்டுக்குப் போய்த் தோற்காமல் திரும்பிவிட்டால், அடுத்து வலியவன் எளியவனின் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும். இதைவிட எளிமையான நீதியை எந்த விளையாட்டும் கண்டுபிடித்ததாக நான் அறியேன்.

இந்த நீதி என்னென்ன செய்திருக்கிறது? 1971 நவம்பரில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபர்டு சிட்டி என்ற இரண்டு சிறிய கழகங்கள் ஒரு தகுதிச்சுற்று முடிவுக்காக ஆறு முறை மோதின. மொத்தம் பதினொரு மணிநேர ஆட்டம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 5 அன்று, சதர்ன் லீக்கில் ஆடிய ஹெரஃபோர்டு யுனைடெட், முதல் பிரிவின் நியூகாஸில் யுனைடெட்டை வீழ்த்தியது. தச்சுவேலை தெரிந்த ரானி ராட்ஃபோர்டு சேற்றிலிருந்து வெகுதூரம் உதைத்த அந்தக் கோலை இன்றளவும் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அது ஒரு மறு ஆட்டம் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நியூகாஸிலில் நடந்த முதல் ஆட்டம் 2-2. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி உதைகள், அதோடு கதை முடிந்திருக்கும். ராட்ஃபோர்டின் கோல் பிறந்தே இருக்காது. அந்தப் பருவம் முடிந்ததும் ஹெரஃபோர்டு லீக்குக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் அண்மைக்கு வருவோம். எக்ஸிட்டர் சிட்டி 2003இல் லீக்கிலிருந்து கீழிறங்கி, கடனில் மூழ்கி, ஆதரவாளர்களின் அறக்கட்டளை கையேற்றதால் உயிர்பிழைத்த கழகம். 2005 ஜனவரி 8 அன்று, ஓல்டு டிராஃபோர்டில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க, மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று தடுத்து நிறுத்தியது. ஜனவரி 19, புதன்கிழமை மாலை, ரொனால்டோவும் ரூனியும் எக்ஸிட்டரின் சிறிய மைதானத்துக்கு வந்தார்கள். ஆளுக்கொரு கோல் அடித்து வென்று போனார்கள். தோல்விதான். ஆனால் இரண்டு ஆட்டங்களின் நுழைவுக் கட்டணப் பங்கும் ஒளிபரப்புப் பணமும் அந்தக் கழகம் கடனிலிருந்து மீளப் பெருமளவில் உதவின. 2008இல் அது லீக்குக்குத் திரும்பியது. இன்றும் அது ஆதரவாளர்களுக்கே சொந்தமாக இருக்கிறது. ஒரு புதன்கிழமை மாலையின் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

2024 ஏப்ரலில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் பிரீமியர் லீக்கும் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டை அறிவித்தன. 2024-25 பருவம் முதல், கோப்பையின் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்கள் கிடையாது. எங்களிடம் கேட்கவில்லையே என்று கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பலவும் வெளிப்படையாகவே குறைகூறின. சொல்லப்பட்ட காரணம், ஆட்ட நெரிசல். பெரிய கழகங்களின் ஆட்டக்காரர்கள் களைத்துப்போகிறார்களாம்.

களைப்பு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை உண்டாக்கியவர் யார்? சாம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத்தில் ஓர் அணிக்கு ஆறு ஆட்டங்களாக இருந்ததை அதே 2024-25 பருவத்தில் எட்டாக உயர்த்தியவர்கள் கிட்டர்மின்ஸ்டர்க்காரர்களா? 2025 கோடையில், ஓய்வெடுக்கவேண்டிய மாதங்களில், அமெரிக்காவில் 32 அணிகளைக் கொண்டு கழகங்களுக்கான உலகக்கோப்பை நடத்தியவர்கள் ஆல்வ்சர்ச்காரர்களா? தன் வீட்டு விருந்தில் அளவுக்குமீறி உண்டவன், வயிற்றுவலிக்கு மருந்தாக அடுத்த வீட்டுக்காரனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பானது இது.

இந்த வாதம் எங்கே முழுதாக உடைகிறது என்பதையும் பாருங்கள். பிரீமியர் லீக் கழகங்கள் எஃப்.ஏ. கோப்பைக்குள் நுழைவது மூன்றாம் சுற்றில், ஜனவரியில். நவம்பரில் நடக்கும் முதல் சுற்றில் அவை இல்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. முதல் சுற்றில் ஆடும் 80 அணிகளில் 48 மூன்றாம், நான்காம் பிரிவுகளைச் சேர்ந்தவை. மீதி 32 தகுதிச்சுற்றுகளைக் கடந்துவந்த நான்-லீக் கழகங்கள். அந்தச் சுற்றின் மறு ஆட்டங்களை நிறுத்தியதால் எந்தப் பெருங்கழகத்தின் எந்த ஆட்டக்காரருக்கு ஒரு மாலை ஓய்வு கிடைத்தது? ஒருவருக்கும் இல்லை. தங்களுக்குப் பயனில்லாத இடத்திலும், பிறருக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை அகற்றியிருக்கிறார்கள். இதற்குப் பொருத்தமான சொல் சீரமைப்பு அன்று, அலட்சியம்.

இதற்கு ஈடாக அடித்தளக் கால்பந்துக்கு 3.3 கோடி பவுண்டு வரை கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்கவேண்டும். மறு ஆட்டத்தில் எக்ஸிட்டர் பெற்ற பணம் யாரும் மனமிரங்கித் தந்ததன்று. தொண்ணூறு நிமிடம் ஓல்டு டிராஃபோர்டில் நின்று தாக்குப்பிடித்ததன் கூலி. கூலியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தானத்தை வைக்கும்போது தொகை கூடலாம், குறையலாம், உறவு மாறிவிடுகிறது. கூலி பெற்றவன் நிமிர்ந்து நிற்பான். தானம் பெறுகிறவன், அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்று கொடுப்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

கோப்பையை விட்டுவிடுவோம். சாதாரண லீக் செவ்வாய்க்கு வருவோம். பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பக்கூடாது என்றொரு கட்டுப்பாடு 1960களிலிருந்து இருந்துவருகிறது. பெரிய ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் உள்ளூர் மைதானத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்ற எளிய அச்சமே காரணம். அச்சம் நியாயமானது என்றால், அது செவ்வாய்க்கிழமைக்குப் பொருந்தாதா? அந்த மாலைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சிறிய கழகத்தின் விளக்குகள் எரியும் அதே நேரத்தில் ஐரோப்பிய ஆட்டங்கள் திரையில் ஓடுகின்றன. முதற்கட்டம் ஜனவரிவரை நீண்டுவிட்டதால் இன்னும் கூடுதலான வாரங்களில் ஓடுகின்றன. மழை பெய்கிற ஒரு குளிர்கால மாலையில், கதகதப்பான அறையையும் உலகப்புகழ் பெற்ற கால்களையும் விட்டுவிட்டு வெளியே வா என்று அழைக்க அந்தச் சிறிய கழகத்திடம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் நண்பர்கள் வைத்திருக்கும் பதில் ஒரே சொல்: தரம். கீழ்ப்படி ஆட்டத்தில் தரம் இல்லை, ஏன் போகவேண்டும் என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் யார் என்று பார்த்தால்தான் எனக்கு வியப்பு. சிற்றிதழ் மரபைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். சி.சு.செல்லப்பா நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனதைச் சொல்லிக் கண்கலங்குகிறவர்கள். முந்நூறு பிரதி அச்சான இதழில்தான் இலக்கியம் மூச்சுவிட்டது என்று வாதிடுகிறவர்கள், முந்நூறு பேர் கூடிய மைதானத்தைக் கண்டால் மட்டும் ‘கூட்டமே இல்லையே’ என்கிறார்கள். அதிகம் பேர் பார்ப்பதுதான் உயர்ந்தது என்ற அளவுகோலை எழுத்தில் மறுத்துவிட்டு விளையாட்டில் ஏற்பது எப்படி? அந்த அளவுகோலையே வைத்துக்கொண்டாலும் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1951இல் வெம்பிளியில் நடந்த அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தை, சம்பளம் வாங்காதவர்கள் ஆடிய ஆட்டத்தை, ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள்.

தரத்தைப் பற்றியே பேசுவோம். மேலே ஆடுகிறவர்களின் திறன் பன்மடங்கு உயர்ந்தது, ஐயமே இல்லை. ஆனால் பார்த்தல் என்பதற்கும் ஒரு தரம் உண்டல்லவா? திரையில், எதைப் பார்க்கவேண்டும் என்பதை ஒளிப்பதிவாளர் தீர்மானிக்கிறார். எப்போது வியக்கவேண்டும் என்பதை வர்ணனையாளர் தீர்மானிக்கிறார். கம்பித் தடுப்பருகே நிற்பவருக்கு இரண்டுமே தரப்படுவதில்லை. பந்து போகாத பக்கத்தில் ஓர் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் பத்து நிமிடமாகத் தன் எதிராளியை எப்படி உள்பக்கம் தள்ளிக்கொண்டே வருகிறார் என்பதை அவராகத்தான் கண்டுபிடிக்கவேண்டும். வாசகனுக்கு வேலை கொடுக்கும் படைப்பே நல்ல படைப்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாமற்போக நியாயமில்லை.

சில நல்லெண்ணக்காரர்கள் வேறொரு வழியில் வந்து ஆதரிப்பார்கள். நான்-லீக் ஒரு நாற்றங்கால், ஜேமி வார்டியைப் பாருங்கள் என்பார்கள். ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊரின் கழகத்தில் வாரம் முப்பது பவுண்டுக்கு ஆடியவர், ஹாலிஃபாக்ஸ், ஃபிளீட்வுட் என்று ஏறிவந்து 2016இல் லெஸ்டருடன் பிரீமியர் லீக்கை வென்றார். அருமையான கதைதான். ஆனால் இந்த ஆதரவை நான் ஏற்கமாட்டேன். மேலே அனுப்பும் நாற்றுக்காக மட்டுமே கீழே உள்ள வயலை மதிப்பது, அதை மதிக்காமல் இருப்பதன் இன்னொரு வடிவமே. வார்டி போன பிறகும் ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் செவ்வாய் மாலை விளக்கு ஏற்றவேண்டும். அங்கே ஆடும் மற்ற பதின்மர் எங்கும் ஏறிப்போகப் போவதில்லை. அவர்கள் ஆடுவதற்கும், அதை நால்வர் பார்ப்பதற்கும், அதுவே போதிய காரணம்.

இதெல்லாம் பழமையேக்கம், கழகங்கள் இல்லாவிட்டால் வேறு பொழுதுபோக்கு வராதா என்று கேட்கலாம். வராது என்பதைத் தென்லண்டன் மக்கள் 2018இல் நேரில் கண்டார்கள். 1893இல் தொடங்கப்பட்ட டல்விச் ஹாம்லெட் கழகம், தன் மைதானமான சாம்பியன் ஹில்லின் உரிமையை வைத்திருந்த கட்டுமான நிறுவனத்தால் அந்த மார்ச்சில் வெளியேற்றப்பட்டது. கழகத்தின் பெயரையே வணிகக் குறியாகப் பதிவுசெய்துகொண்டு, இனி அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கடிதமும் அனுப்பினார்கள். எட்கர் கெய்ல் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் 1929இல் இங்கிலாந்துக்காக மூன்று முறை ஆடியபோது எந்தக் கழகத்தில் இருந்தாரோ, அந்தக் கழகத்துக்கு அதன் பெயர் சொந்தமில்லை என்றார்கள். ஆதரவாளர்கள் கலைந்துபோகவில்லை. அயல்பேட்டையான டூட்டிங் அண்டு மிச்சம் கழகத்தின் மைதானத்தில் இடம் கிடைத்தது. அங்கே ஆடி அந்தப் பருவத்திலேயே மேல்படிக்கு உயர்ந்தார்கள். டிசம்பரில் சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பினார்கள். அரசியல்வாதிகளும் செய்தித்தாள்களும் பேசினார்கள்தான். ஆனால் பேசவைத்தது, வாரந்தோறும் வந்து நின்ற கால்கள். வெறும் தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கொண்ட கழகம் வெளியேற்றப்பட்டிருந்தால், வாசலில் வந்து நிற்க யார் இருந்திருப்பார்கள்?

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 1885இல் பிறந்து, எஃப்.ஏ. கோப்பையை இருமுறை வென்ற பரி கழகம் 2019 ஆகஸ்டில் பணமின்மையால் லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. ஊரார் வேறொரு கழகத்தைப் பத்தாம் படியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. இத்தகைய அழிவுகளைப் பார்த்துத்தான் 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறி, தனி ஒழுங்காற்று அமைப்பு வந்திருக்கிறது. வரவேற்போம். ஆனால் அதன் கை மேலிருந்து ஐந்து படிகளுக்கே நீளும். ஆறாம் படிக்குக் கீழே இருப்பவர்களுக்குக் காவல், அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும்தான்.

லண்டனில் வாழும் தமிழ் நண்பர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். 1948 ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன், பிரான்சை எதிர்த்து ஆடி 1-2 என்று தோற்றது. இந்தியாவின் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அது நடந்த இடம் வெம்பிளி அன்று. இன்று நம்மவர் பலர் கடைவைத்தும் வீடுவாங்கியும் வாழும் இல்ஃபர்டின் ஒரு சிறிய மைதானம். அந்த ஒலிம்பிக்கின் ஆட்டங்கள் பலவற்றைச் சாம்பியன் ஹில் போன்ற அமெச்சூர் கழகத் திடல்களே தாங்கின. ஆக இந்தச் சிறிய மைதானங்கள் நமக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. நாம்தான் அவற்றின் மதிலோரமாக, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், ஆண்டுக்கணக்காகக் கடந்துபோய்க்கொண்டிருக்கிறோம்.

மறு ஆட்டங்களை எடுத்தவர்கள் அவற்றை நாளையே திருப்பித் தரமாட்டார்கள். ஐரோப்பிய அட்டவணை சுருங்கப்போவதும் இல்லை. ஆயினும், ஒரு மாலையை முழுமையாகப் பறிக்க இரண்டு தரப்பும் வேண்டும்: எடுக்கிறவர்களும், விட்டுக்கொடுக்கிறவர்களும். முதல் தரப்பை நம்மால் தடுக்கமுடியவில்லை. இரண்டாவது தரப்பில் சேராமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஏதோ ஒரு கழகம் இருக்கும். அடுத்த செவ்வாய் அதற்கு ஆட்டம் உண்டா என்று பாருங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், தேநீர்க் கடையில் அட்டை வாங்காமல் போகலாம்.